மேலாளர் இல்லாத நேரத்தில் வேலை எப்படி நடக்கிறது? தலைமைப் பாணிகள் பற்றி ஓர் எளிய விளக்கம்

ஓர் அலுவலகத்தின் மேலாளர் இரண்டு நாள் விடுப்பில் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சில இடங்களில் அந்த இரண்டு நாட்களும் வேலை வழக்கம்போலவே நடக்கும். சில இடங்களில் அவரது வண்டி வாசலைத் தாண்டியதும் எல்லோரும் நாற்காலியில் சாய்ந்து மூச்சு விடுவார்கள். பத்து மணித் தேநீர் பதினொரு மணி வரை நீளும். இன்னும் சில இடங்களில் ஒரு சிறு பில்லுக்கு ஒப்புதல் தரக்கூட ஆளில்லாமல், அவர் திரும்பி வரும் வரை எல்லாக் காகிதங்களும் மேசையிலேயே கிடக்கும். மூன்று இடங்களிலும் பணியாளர்களின் படிப்பும் சம்பளமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கலாம். அப்படியிருந்தும் இந்த வேறுபாடு ஏன் வருகிறது என்பதை விளங்கிக்கொள்ள உதவும் கருத்துதான் தலைமைப் பாணி.

தலைமைப் பாணி என்பது, ஒருவர் தம்முடைய பொறுப்பில் உள்ள பணியாளர்களிடம் நாள்தோறும் திரும்பத் திரும்ப நடந்துகொள்ளும் முறை. முடிவுகளை யார் எடுப்பது, அவற்றின் காரணத்தை எவ்வளவு தூரம் விளக்குவது, தவறு நேர்ந்தால் முதலில் என்ன கேட்பது, பாராட்டையும் பழியையும் எப்படிப் பங்கிடுவது ஆகிய நான்கையும் கவனித்தாலே ஒருவருடைய பாணி ஓரளவு தெரிந்துவிடும். இதைக் குணத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. குரலை உயர்த்தாமல் இனிமையாகப் பேசும் ஒருவர், ஒரு பேனா வாங்கும் முடிவைக்கூடப் பிறரிடம் விடாதவராக இருக்கலாம். அதட்டிப் பேசும் வழக்கமுள்ள ஒருவர், எந்த முடிவையும் குழுவிடம் கேட்காமல் எடுக்காதவராக இருக்கலாம். குணம் எளிதில் மாறுவதில்லை. பாணி என்பது பெரும்பாலும் பழக்கம் என்பதால், அதைக் கற்றுக்கொள்ளவும் மாற்றிக்கொள்ளவும் முடியும்.

இந்தக் கருத்தைச் சோதனையாகச் செய்து பார்த்த முன்னோடிகளில் முதன்மையானவர் கர்ட் லெவின். ஜெர்மனியில் உளவியல் கற்பித்து வந்த யூதரான இவர், ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-ஆம் ஆண்டில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். தலைமை மாறினால் அதே மனிதர்கள் எவ்வளவு மாறிப்போவார்கள் என்ற கேள்வி அவருக்கு வெறும் பாடநூல் கேள்வியாக இருந்திருக்க முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது. அயோவா பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் லிப்பிட், ரால்ஃப் வைட் ஆகிய இருவருடன் சேர்ந்து 1930-களின் இறுதியில் அவர் ஒரு சோதனையை நடத்தினார். பத்து வயதுச் சிறுவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, பள்ளி முடிந்த பிறகு முகமூடி செய்தல் போன்ற கைவேலைகளில் ஈடுபடுத்தி, ஒவ்வொரு குழுவுக்கும் பெரியவர் ஒருவரைத் தலைவராக அமர்த்தினார்கள். அந்தத் தலைவர்கள் குறிப்பிட்ட முறைப்படி நடந்துகொள்ளப் பயிற்சி பெற்றவர்கள். சில வாரங்களுக்கு ஒரு முறை குழுக்களுக்குத் தலைவர்களும் மாறினார்கள், பாணியும் மாறியது.

முதல் வகைத் தலைவர் எல்லாவற்றையும் தாமே தீர்மானித்தார். யார் யாருடன் சேர்ந்து எந்த வேலையைச் செய்ய வேண்டும் என்பதையும் அவரே சொன்னார். அடுத்த படி என்ன என்பது அந்தப் படி வரும் வரை சிறுவர்களுக்குத் தெரியாது. இதைக் கட்டளைத் தலைமை எனலாம். இரண்டாவது வகைத் தலைவர் குழுவைக் கூட்டிப் பேசினார். வேலையின் முழு வழியையும் முன்கூட்டியே விளக்கினார். யாராவது யோசனை கேட்டால் ஒன்றுக்கு இரண்டாக வழிகளைச் சொல்லித் தேர்வை அவர்களிடமே விட்டார். இது கலந்தாய்வுத் தலைமை. ஜனநாயகத் தலைமை என்றும் சொல்வதுண்டு. மூன்றாவது வகைத் தலைவர் பொருட்களைக் கொடுத்துவிட்டு, கேட்டால் மட்டும் பதில் சொல்லி, மற்றபடி ஒதுங்கி நின்றார். இந்த மூன்றாவது வகை முதலில் திட்டத்திலேயே இல்லை. வைட் கலந்தாய்வுத் தலைவராக நடக்க முயன்றபோது அது ஒதுங்கி நிற்பதாக முடிந்ததைக் கவனித்த பிறகுதான், அதைத் தனி வகையாகவே சேர்த்தார்கள். கலந்து பேசுவதும் கைவிட்டு விடுவதும் ஒன்று என்று நம்பும் மேலாளர்கள் இன்றும் இருப்பதால், இந்தச் சிறு தகவலை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

கண்டறிந்தவற்றில் மிகவும் கவனிக்கத்தக்கது, தலைவர் அறையை விட்டு வெளியேறிய நேரத்தில் நடந்தது. கட்டளைத் தலைமைக்கு அடங்கி நடந்த குழுக்களில், தலைவர் இருந்தபோது சிறுவர்கள் சுமார் 74 சதவீத நேரம் வேலையில் ஆழ்ந்திருந்தார்கள். அவர் வெளியேறியதும் அது 29 சதவீதமாகச் சரிந்தது. கலந்தாய்வுக் குழுக்களில் தலைவர் இருந்தபோது 50 சதவீதம். அவர் இல்லாதபோதும் 46 சதவீதம். தலைவர் கண்முன் இருக்கும் நேரத்தை மட்டும் அளந்தால் கட்டளைத் தலைமையே வெற்றி பெற்றதாகத் தோன்றும். பல நிறுவனங்களில் மேலதிகாரிகள் ஏமாந்துபோவது இந்த இடத்தில்தான். சுற்றிப் பார்க்க வரும்போதெல்லாம் எல்லோரும் தலை குனிந்து வேலை செய்வதை அவர்கள் காண்கிறார்கள். அவர்கள் போன பிறகு நடப்பதைக் காண்பதற்கு அவர்களுக்கு வழியில்லை.

கட்டளைக் குழுக்களில் வேறொன்றும் நிகழ்ந்தது. தலைவர் மீதான எரிச்சலைத் தலைவரிடம் காட்ட முடியாத சிறுவர்கள், தங்களுக்குள் ஒருவனைக் குறிவைத்துத் தாக்கினார்கள். அலுவலகங்களில் இதற்கு நிகரான காட்சியைப் பலரும் பார்த்திருப்பார்கள்: மேலாளரின் அறையிலிருந்து திட்டு வாங்கி வரும் சூப்பர்வைசர் தன் கீழுள்ளவரைக் கடிவார், அவர் புதிதாகச் சேர்ந்த பையனைக் கடிவார். அங்கே பணியாளர்களுக்கு இடையே ஒற்றுமை இல்லை என்று மேலாளர் குறைப்பட்டுக்கொண்டால், அந்தக் குறையின் வேர் தம் அறையிலேயே இருக்கிறதா என்று அவர் முதலில் பார்க்க வேண்டும். இரு பாணிகளையும் அனுபவித்த இருபது சிறுவர்களில் பத்தொன்பது பேர் கலந்தாய்வுத் தலைவரையே விரும்பினார்கள். இது சில சிறுவர்களைக் கொண்டு நடத்திய சிறிய சோதனை என்பதையும், பெரியவர்கள் சம்பளத்துக்கு வேலை செய்யும் இடத்துக்கு அதை அப்படியே பொருத்திவிட முடியாது என்பதையும் மறக்கக் கூடாது. ஆயினும் அது எழுப்பிய கேள்வி, அதாவது தலைவர் இல்லாதபோது என்ன நடக்கிறது என்ற கேள்வி, இன்றும் ஒரு மேலாளரை அளப்பதற்கு மிகவும் பயன்படும் அளவுகோல்.

கட்டளைத் தலைமையை முற்றிலும் தீயது என்று ஒதுக்குவது சரியாகாது. தீப்பிடித்த கட்டடத்தில் தீயணைப்புக் குழுவின் தலைவர் வாக்கெடுப்பு நடத்திக்கொண்டிருக்க முடியாது. உயர் அழுத்த மின்கம்பியில் வேலை செய்யும் புதிய ஊழியருக்கு, எந்தச் சுவிட்சை எப்போது அணைக்க வேண்டும் என்பதை உறுதியான கட்டளையாகச் சொல்வதே அவர் உயிருக்குக் காவல். நேரம் மிகக் குறைவாகவும், தவறின் விலை மிக அதிகமாகவும், செய்பவருக்கு அனுபவம் இல்லாமலும் இருக்கும்போது, தெளிவான கட்டளை பணியாளருக்குப் பெரும் ஆறுதலாகவே அமைகிறது. சிக்கல் தொடங்குவது, நெருக்கடிக்கு உரிய இந்த முறை அன்றாட முறையாக மாறும்போது. அப்போது பணியாளர்கள் மெல்ல மெல்ல இரண்டு பாடங்களைக் கற்றுக்கொள்கிறார்கள்: சொன்னதை மட்டும் செய், கண்டதைச் சொல்லாதே.

பல ஆண்டுகளுக்கு முன்பு, நான் சிறிது காலம் வேலை பார்த்த ஓர் அச்சகத்தில் இதை நேரில் கண்டேன். ஒரு கடைக்காக அச்சிட்ட மாதக் காலண்டரில் ஓர் அமாவாசை ஒரு நாள் தள்ளி விழுந்திருந்தது; கட்டுக்கட்டாக மடித்து முடித்த பிறகே அது தெரியவந்து, அத்தனையும் வீணாயின. தாள்களை அடுக்கிக்கொண்டிருந்த உதவியாளர் முதல் நாளே அந்தப் பிழையைப் பார்த்திருந்தார் என்பது பின்னால் தெரிந்தது. ஏன் சொல்லவில்லை என்று தனியாகக் கேட்டபோது அவர் சொன்ன பதில் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: "போன மாசம் ஒரு தப்பைச் சொன்னேன், அண்ணா. உனக்கு என்ன தெரியும், உன் வேலையைப் பாருன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் நான் எதையும் பாக்கிறதில்லை." அவருக்கு வேலையில் அக்கறை இல்லாமல் இல்லை. அக்கறை காட்டியதற்காக ஒரு முறை அவமானப்பட்டிருந்தார். அந்த ஒரு முறையே போதுமாக இருந்தது.

இந்த மௌனத்தின் விலையை மிகக் கொடூரமான முறையில் கற்றுக்கொண்ட துறை விமானப் போக்குவரத்து. 1977 மார்ச் 27 அன்று, கேனரித் தீவுகளில் ஒன்றான டெனரீஃபில், மூடுபனி சூழ்ந்த ஓடுபாதையில் இரண்டு போயிங் 747 விமானங்கள் மோதி 583 பேர் உயிரிழந்தார்கள். மூடுபனி, வானொலித் தொடர்பில் ஏற்பட்ட குறுக்கீடு, தெளிவற்ற சொற்கள் என்று காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று விமானி அறைக்குள் இருந்தது. புறப்படத் தொடங்கிய, நெதர்லாந்தின் கே.எல்.எம். நிறுவன விமானத்தின் தலைமை விமானி அந்த நிறுவனத்திலேயே மூத்த பயிற்றுநர்களில் ஒருவர். எதிரிலிருந்த பான் அமெரிக்கன் விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்று விமானப் பொறியாளர் ஐயத்துடன் கேட்டார். ஆம் என்று தலைமை விமானி அழுத்தமாகச் சொன்னதும் அந்தக் கேள்வி அங்கேயே நின்றுவிட்டது. அவ்வளவு மூத்தவரிடம் அதே கேள்வியை இரண்டாவது முறை கேட்பது எவ்வளவு கடினம் என்பது, நம் அலுவலகங்களில் "சார் சொல்லிட்டாரு" என்ற இரண்டு சொற்களில் எத்தனை உரையாடல்கள் முடிந்துபோகின்றன என்பதை அறிந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

டெனரீஃபும் அதையொத்த வேறு சில விபத்துகளும் நிகழ்ந்த பிறகு, அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசா, விமானி அறைக்குள் குழுவாகச் செயல்படுவது பற்றி 1979-இல் ஒரு பயிலரங்கை நடத்தியது. 1981-இல் யுனைடெட் ஏர்லைன்ஸ் நிறுவனம் இதற்கென ஒரு பயிற்சியைத் தொடங்கியது. இளையவர் தம் ஐயத்தை உறுதியாக எடுத்துச் சொல்லவும், மூத்தவர் அதை வரவேற்றுக் கேட்கவும் அந்தப் பயிற்சி கற்றுத் தந்தது. இறுதி முடிவு தலைமை விமானியுடையதுதான். அதில் மாற்றம் இல்லை. முடிவுக்கு முன்பு யாருடைய கண்ணும் யாருடைய வாயும் அடைபடக் கூடாது என்பதே மாற்றம். 1989 ஜூலை 19 அன்று அதே நிறுவனத்தின் விமானம் ஒன்று நடுவானில் திரவ அழுத்தக் கட்டுப்பாடு முழுவதையும் இழந்தது. விமானத்தைத் திருப்பும் கருவிகள் எவையும் இயங்காத அந்த நிலையில், தலைமை விமானி ஆல்ஃப்ரெட் ஹேய்ன்ஸ் தம் குழுவினரோடு, பயணியாக வந்திருந்த ஒரு பயிற்சி விமானியையும் அறைக்குள் அழைத்து, எல்லோரிடமும் யோசனை கேட்டபடி விமானத்தைச் சியூ சிட்டி விமான நிலையம் வரை கொண்டுவந்தார். விமானம் தரையில் மோதி உடைந்தது. 112 பேர் இறந்தார்கள். ஆனால் 184 பேர் பிழைத்தார்கள். அந்தப் பயிற்சி இல்லாதிருந்தால் இது முடிந்திராது என்று ஹேய்ன்ஸ் பின்னாளில் பலமுறை கூறினார். நெருக்கடியில் கட்டளைத் தலைமையே ஏற்றது என்று மேலே எழுதினேன்; அதற்கு ஒரு திருத்தமாக இந்த நிகழ்ச்சியைச் சேர்க்க வேண்டும். நெருக்கடி இதுவரை யாரும் கண்டிராத ஒன்றாக இருந்தால், கட்டளையிடுபவருக்கும் விடை தெரியாது. அப்போது கேட்பதே விரைவான வழி.

மருத்துவமனைகளிலிருந்தும் ஒரு சான்று உண்டு. ஹார்வர்டில் ஆய்வு மாணவியாக இருந்த ஏமி எட்மண்ட்சன், நல்ல குழுக்களில் மருந்து கொடுப்பதில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்து 1990-களில் ஓர் ஆய்வைச் செய்தார். கிடைத்த கணக்கு நேர்மாறாக இருந்தது: நல்ல தலைமையின் கீழ் ஒன்றிச் செயல்பட்ட செவிலியர் குழுக்களில்தான் பதிவான தவறுகள் அதிகம். காரணத்தைத் தேடியபோது, அந்தக் குழுக்களில் தவறுகளை மறைக்காமல் சொன்னார்கள் என்பதும், கடுமையான தலைமை இருந்த இடங்களில் தவறுகள் பதிவேட்டுக்கே வரவில்லை என்பதும் தெரிந்தது. பேசினால் அவமானமோ தண்டனையோ வராது என்று ஒரு குழுவினர் பொதுவாக நம்பும் நிலையை உளப் பாதுகாப்பு என்ற பெயரில் அவர் 1999-இல் விளக்கினார். பணியாளர்கள் மீது தலைமைப் பாணி ஏற்படுத்தும் விளைவுகளில் இதுவே முதன்மையானது என்பது என் கருத்து. சம்பளம், சலுகை, பதவி உயர்வு ஆகியவை முக்கியமானவையே. ஆனால் தாம் கண்டதைச் சொல்ல முடியாத ஒருவர், நாளின் எட்டு மணி நேரமும் தம்மில் ஒரு பகுதியை வாசலில் விட்டுவிட்டே உள்ளே வருகிறார்.

ஒதுங்கி நிற்கும் தலைமையைப் பற்றி நீண்டு சொல்வதற்கு இல்லை. தேர்ந்த ஆய்வாளர்களும் கலைஞர்களும் தத்தம் வேலையைத் தாமே நடத்திக்கொள்ளும் இடங்களில் அது பொருந்தும். மற்ற இடங்களில், பொறுப்பு யாருடையது என்று தெரியாமல் பணியாளர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்; குரல் உயர்ந்தவர் அறிவிக்கப்படாத தலைவராகிவிடுவார். நம்பி ஒப்படைப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு எளிது. நம்பி ஒப்படைப்பவர் எதை, எப்போதைக்குள், எந்தத் தரத்தில் என்று சொல்லிவிட்டு ஒதுங்குவார். இடையில் சந்தேகம் வந்தால் கிடைப்பார். கைவிடுபவர் எதையும் சொல்லாமல் ஒதுங்கி, முடிவில் வந்து குறை சொல்வார்.

பின்னாளில் வந்த ஆய்வாளர்கள் வேறொரு கோணத்தில் பாணிகளைப் பிரித்தார்கள். வரலாற்றாசிரியரான ஜேம்ஸ் மெக்கிரிகர் பர்ன்ஸ் 1978-இல் அரசியல் தலைவர்களை முன்வைத்து இரு வகைகளைச் சொன்னார். பெர்னார்ட் பாஸ் 1985-இல் அதை நிறுவனங்களுக்குப் பொருத்தி விரித்தார். முதலாவது பரிமாற்றத் தலைமை: டார்கெட்டை எட்டினால் இன்சென்டிவ், எட்டாவிட்டால் கேள்வி. இரண்டாவது மாற்றம் விளைவிக்கும் தலைமை: வேலையின் நோக்கத்தை உணர்த்தி, ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கவனித்து, அவர்கள் தாங்களே எண்ணியிராத அளவுக்கு உயரச் செய்வது. பரிமாற்றத்தைக் கீழாகப் பேசுவது இன்று வழக்கமாகிவிட்டது. அது நியாயமாகாது. சொன்ன இன்சென்டிவை முதல் தேதியன்று குறையாமல் கொடுக்கும் ஒரு துணிக்கடை முதலாளியின் கீழ் விற்பனையாளர்கள் நிம்மதியாகவே இருக்கிறார்கள்; குடும்பம், இலட்சியம் என்று உருக்கமாகப் பேசிவிட்டு ஓவர்டைம் பணத்தை இழுத்தடிக்கும் இடத்தில்தான் அவர்கள் மனம் வெறுக்கிறார்கள். பரிமாற்றம் நேர்மையாக நடந்தால்தான் அதற்கு மேலான எதையும் கட்ட முடியும். அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏ.டி. அண்ட் டி.யில் நெடுங்காலம் பணியாற்றிய ராபர்ட் கிரீன்லீஃப் 1970-இல் எழுதிய கட்டுரையில் முன்வைத்த சேவைத் தலைமையும் இங்கே குறிப்பிடத்தக்கது. தலைவர் முதலில் பணியாளர்களுக்குப் பணி செய்பவர். அவர்களது வழியில் உள்ள தடைகளை அகற்றுவதே அவர் வேலை என்பது அதன் சாரம்.

இதெல்லாம் ஏட்டில் நன்றாக இருக்கிறது, நம் ஆட்களிடம் எடுபடாது என்று சொல்லும் மேலாளர்களுக்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டும் இடம், கலிபோர்னியாவின் ஃபிரீமான்ட் நகரில் இருந்த கார் தொழிற்சாலை. அதை நடத்திவந்த ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1982-இல் அதை மூடிவிட்டது. அங்கிருந்த தொழிலாளர்கள் நாட்டிலேயே மோசமானவர்கள் என்று பெயர் பெற்றிருந்தார்கள். ஐந்தில் ஒருவர் வேலைக்கு வராத நாட்கள் சாதாரணம். திடீர் வேலைநிறுத்தங்கள் உண்டு. முறையீட்டு மனுக்கள் ஆயிரக்கணக்கில் தேங்கிக் கிடந்தன. 1984-இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக நும்மி என்ற பெயரில் அதே ஆலையைத் திறந்தன. நிர்வாகம் டொயோட்டாவின் கையில் இருந்தது. அதே தொழிற்சங்கம் தொடர்ந்தது. வேலைக்கு எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பழைய ஆலையில் இருந்தவர்களே. சில ஆண்டுகளுக்குள் அங்கே தயாரான கார்களின் தரம் ஜப்பானில் தயாரானவற்றை நெருங்கியது. வேலைக்கு வராதோர் விகிதம் இரண்டு, மூன்று சதவீதமாக இறங்கியது.

ஆட்கள் அதே ஆட்கள் என்னும்போது, மாறியது என்ன? பழைய ஆலையில் உற்பத்தி வரிசையை நிறுத்துவது பெருங்குற்றமாகக் கருதப்பட்டது. குறைபாட்டோடு கார் நகர்ந்தாலும் பரவாயில்லை, வரிசை ஓட வேண்டும். புதிய ஏற்பாட்டில் ஒவ்வொரு தொழிலாளியின் கைக்கெட்டும் தூரத்திலும் ஒரு கயிறு தொங்கியது. விளக்கைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்லை வைத்து அதை ஆண்டான் கயிறு என்பார்கள். கோளாறு தென்பட்டால் அதை இழுக்கலாம். இழுத்ததும் விளக்கு எரிந்து இசை ஒலிக்கும். குழுத் தலைவர் விரைந்து வந்து என்ன உதவி வேண்டும் என்று கேட்பார். குறித்த நேரத்துக்குள் சரியாகாவிட்டால் வரிசை நிற்கும். நூற்றுக்கணக்கான தொழிலாளர்களை முன்கூட்டியே ஜப்பானுக்கு அனுப்பி இந்த முறையைப் பழக்கியிருந்தார்கள். மேலாளர்களும் தொழிலாளர்களும் ஒரே உணவுக்கூடத்தில் உண்டார்கள். 1980-களின் இறுதியில் விற்பனை சரிந்து வேலை குறைந்தபோதும் யாரையும் வீட்டுக்கு அனுப்பாமல், அந்த நேரத்தைப் பயிற்சிக்கும் மேம்பாட்டுக்கும் பயன்படுத்தினார்கள். கயிற்றை இழுத்தால் வேலை போகாது என்ற சொல்லைத் தொழிலாளர்கள் நம்பியதற்கு, எழுத்தில் இருந்த வாக்குறுதியைவிடக் கடினமான காலத்தில் அது காப்பாற்றப்பட்டதே காரணமாக இருந்திருக்க வேண்டும்.

இந்த வெற்றியைக் கண்ட ஜெனரல் மோட்டார்ஸ் தன் மற்ற ஆலைகளிலும் அதே முறையைக் கொண்டுவர முயன்றது. அங்கே அது அவ்வளவு எளிதாக வேர்விடவில்லை. கயிற்றைக் கட்டுவது ஒரு நாள் வேலை. அதை இழுத்தவரைச் சூப்பர்வைசர் எந்த முகத்தோடு பார்க்கிறார் என்பது பல ஆண்டுப் பழக்கம். நம் நிறுவனங்களில் ஆலோசனைப் பெட்டிகள் தூசி படிந்து தொங்குவதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். பெட்டியில் விழுந்த முதல் சீட்டை எழுதியது யார் என்று ஒரு மேலாளர் கையெழுத்தை ஆராயத் தொடங்கினால், இரண்டாவது சீட்டு வராது.

பழியைப் பங்கிடுவது பற்றி ஒரு நிகழ்ச்சியைச் சொல்லாமல் இந்த விளக்கம் நிறைவடையாது. 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட எஸ்.எல்.வி.-3 ஏவுகலம், சில நிமிடங்களில் வங்கக் கடலில் விழுந்தது. அந்தத் திட்டத்தின் இயக்குநர் ராமேஸ்வரத்தைச் சேர்ந்த ஆ.ப.ஜெ. அப்துல் கலாம். கணினி எச்சரித்தும் ஏவலாம் என்று முடிவு செய்தவர் தாமே என்பதை அவரே பிற்காலத்தில் பல மேடைகளில் சொன்னார். அன்று செய்தியாளர்களின் முன் நிற்க வேண்டியவர் கலாம்தான். ஆனால் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவராக இருந்த சதீஷ் தவான், அந்தச் சந்திப்பைத் தாமே ஏற்று, தோல்விக்கான பொறுப்பையும் தம்மேல் போட்டுக்கொண்டு, தம் குழுவின்மேல் தமக்குள்ள நம்பிக்கையை அறிவித்தார். அடுத்த ஆண்டு 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை அடைந்தபோது, செய்தியாளர் சந்திப்பை நடத்தும்படி கலாமிடம் சொல்லிவிட்டுத் தவான் ஒதுங்கிக்கொண்டார். அந்த ஓராண்டில் கலாமும் அவருடைய குழுவினரும் எந்த மனநிலையில் வேலை செய்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம். அடுத்த தோல்வி வந்தாலும் தங்களை யாரும் தெருவில் நிறுத்தமாட்டார்கள் என்று அறிந்தவர்கள், தோல்விக்கான காரணத்தை ஒளிக்காமல் தேட முடியும்.

ஒரே மேலாளர் எல்லோரிடமும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டுமா என்பது தொடக்க நிலையில் உள்ளவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி. பால் ஹெர்சி, கென் பிளான்சர்ட் ஆகிய இருவரும் 1969-இல் முன்வைத்த சூழ்நிலைத் தலைமைக் கோட்பாடு, வேண்டாம் என்று பதில் சொல்கிறது. நேற்றுச் சேர்ந்தவருக்கு விரிவான வழிகாட்டல் தேவை. அதையே பத்தாண்டு அனுபவமுள்ளவரிடம் செய்தால் அவர் அதை அவமதிப்பாக உணர்வார். வங்கியில் புதிதாகச் சேர்ந்த எழுத்தரிடம் ஒவ்வொரு பதிவையும் சரிபார்ப்பது கற்பித்தல். பணி ஓய்வை நெருங்கும் காசாளரிடம் அதையே செய்வது சந்தேகம். செயல் ஒன்றுதான், ஏற்றுக்கொள்பவரின் நிலை வேறு. எனவே பாணியை மாற்றிக்கொள்வது சறுக்கல் ஆகாது. மரியாதையிலும் நேர்மையிலும் ஆளுக்கு ஆள் வேறுபாடு காட்டுவதுதான் சறுக்கல்.

மேலாளர்களே தேவையில்லை என்று எண்ணிப் பார்த்த நிறுவனமும் உண்டு. கூகுள் 2002-இல் தன் பொறியியல் பிரிவில் மேலாளர் பதவிகளை நீக்கிப் பார்த்து, சிறு சிறு கேள்விகள்கூட நிறுவனத்தின் உச்சி வரை போய்ச் சேர்ந்ததால் சில மாதங்களில் கைவிட்டது. பின்னர் தன் மேலாளர்களைப் பற்றிய மதிப்பீடுகளையும் பணியாளர்களின் கருத்துகளையும் ஆராய்ந்து, சிறந்த மேலாளர்களிடம் காணப்பட்ட எட்டுப் பழக்கங்களைப் பட்டியலிட்டது. நல்ல பயிற்றுநராக இருப்பது அதில் முதலிடத்தில் இருந்தது. ஒவ்வொரு சிறு செயலிலும் தலையிடாமல் குழுவிடம் அதிகாரத்தை ஒப்படைப்பது இரண்டாவது. தொழில்நுட்பத் திறமை எட்டாவது, அதாவது கடைசி. நன்றாக நிரல் எழுதுபவரை, நன்றாகத் தறி ஓட்டுபவரை, நன்றாக விற்பவரை அந்த ஒரே காரணத்துக்காக மேற்பார்வையாளராக உயர்த்தி, வேறெந்தப் பயிற்சியும் தராமல் விட்டுவிடும் நம் வழக்கம் எத்தனை பேரை வருத்துகிறது என்பதை இந்தக் கடைசி இடம் நினைவூட்டுகிறது. அப்படி உயர்த்தப்பட்டவரும் வருந்துகிறார். தமக்குத் தெரிந்த ஒரே தலைமை, தம்மை முன்பு திட்டியவரின் தலைமை என்பதால் அதையே அவரும் திருப்பிச் செய்கிறார்.

புதிதாக ஒரு குழுவின் பொறுப்பை ஏற்றிருப்பவர், தம் பாணி எது என்று பெயரிட்டுத் தேடுவதைவிட ஓர் எளிய கணக்கை வைத்துப் பார்க்கலாம். ஒரு மாதத்துக்கு ஒரு சிறு நோட்டை மேசையில் வைத்துக்கொண்டு, தம் குழுவில் நேர்ந்த ஒவ்வொரு தவறையும் தாமதத்தையும் பற்றித் தமக்கு முதலில் எப்படித் தெரிந்தது என்பதை எழுத வேண்டும். பணியாளர்கள் தாமாகவே வந்து சொன்னவை ஒரு பக்கம். வாடிக்கையாளரோ மேலதிகாரியோ சொல்லித் தெரிந்தவையும், தாமே கண்டுபிடித்தவையும் மறு பக்கம். யாராவது வந்து சொன்னபோது தம் வாயிலிருந்து வந்த முதல் வாக்கியம் என்ன என்பதையும் அதன் அருகில் நேர்மையாகக் குறித்துக்கொள்ள வேண்டும். மாத இறுதியில் மறு பக்கமே நீளமாக இருந்தால், அந்த முதல் வாக்கியங்களை வரிசையாகப் படித்துப் பார்க்கலாம். அடுத்த மாதம் மாற்ற வேண்டியது பெரும்பாலும் அங்கேயே எழுதப்பட்டிருக்கும்.